உள்ளே ஒருத்தர் பாக்கி

ராத்திரி பதினொன்றைத் தாண்டியிருக்கும். சரணாலயத்துக்குள் போகிற ரோடு. இரண்டு பக்கமும் மரம், மேலேயும் மரம், நடுவில் வகிடு எடுத்த மாதிரி தார். முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் வண்டி இல்லை. ஹெட்லைட்டைத் தாழ்த்தியே வைக்க வேண்டும். ஹாரன் அடிக்கக் கூடாது. வண்டியை நிறுத்தக் கூடாது. இறங்கக் கூடாது. இத்தனை கூடாதுக்கு நடுவில் ஒரே ஒரு வண்டி ஊர்ந்துகொண்டிருக்கிறது... அமரர் ஊர்தி.

ஓட்டுகிறவன் என் மனைவியின் தம்பி.

அந்த மெழுகுவத்தியைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்கள். பேராசிரியர் முகம் எனக்குத் தெரிய வேண்டும். கரண்ட் போவதற்கு முன்னால், காடு என்றால் மனிதக் கால் படவே கூடாது என்று அரை மணி நேரம் பேசினார் அல்லவா. விடுதி கட்டி வைத்திருக்கிற நம் காண்ட்ராக்டர் விடவில்லை, "பூட்டி வெச்சு என்ன ஊறுகாயா போடப் போறீங்க, ரோட்டை அகலப்படுத்தி நாலு பேரை உள்ள விடுங்க சார்" என்றார். இருவரும் அடித்துக்கொள்ளாத குறை. நான் ஒன்றைக் கவனித்தேன். அங்கே ஏற்கெனவே குடியிருந்த சனங்களை என்ன செய்வது என்கிற இடத்தில் மட்டும் இரண்டு பேரும் ஒரே குரல். வெளியே அனுப்பிவிட வேண்டியதுதான். ஒருவருக்கு மானுக்காக. இன்னொருவருக்கு நீச்சல் குளத்துக்காக.

சரி. கதைக்கு வருகிறேன்.

என் மச்சினன் பயந்தாங்கொள்ளி இல்லை. வருஷக்கணக்கில் அந்த வண்டிதான் ஓட்டுகிறான். பின்னால் ஐஸ் பெட்டியில் ஆள் படுத்திருக்க, முன் சீட்டில் காலை நீட்டித் தூங்குவான். "உங்க வீட்ல தூங்குறதைவிட நிம்மதி மாமா, அவங்க எந்திரிச்சு அட்வைஸ் பண்றதில்ல" என்பான். அப்படிப்பட்டவன் இதை எனக்குச் சொன்னபோது விளக்கை அணைக்க விடவில்லை.

அன்றைக்கு அவனைக் கூப்பிட்டது ரேஞ்சர். காட்டின் உள்வட்டத்தில் ஒரு பொம்பளை செத்துக் கிடக்கிறாள், விடிவதற்குள் வெளியே கொண்டுபோய்விட வேண்டும். ஏன் விடிவதற்குள்? காலையில் வனத்துறை டைரக்டர் வருகிறார், கூடவே ஆய்வுக் குழு. இந்தக் காட்டை 'மனிதர் வசிக்காத வனம்' என்று அறிவிக்கப் போகிறார்கள். போர்டுகூட எழுதி, துணி போட்டு மூடி, கேட்டுப் பக்கத்தில் நிறுத்தியாகிவிட்டது. மனிதர் வசிக்காத வனத்தில் மனிதர் செத்துக் கிடந்தால் நன்றாகவா இருக்கும்?

கேட்டு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. குறுக்கே ஒரு கட்டை, பக்கத்தில் டிக்கெட் ரூம். ரூம் சுவரில் ஒரு பலகை, பலகை நிறைய ஆணி, ஆணிக்கு ஒரு அலுமினிய டோக்கன். ஆபீஸ் ஆட்கள் தவிர, உள்ளே போகிற தலை ஒன்றுக்கு ஒரு டோக்கன், வெளியே வரும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும். ஏதாவது ஒரு ஆணி காலியாக இருந்தால் 'உள்ளே ஒருத்தர் பாக்கி' என்று அர்த்தம். அந்த ஆள் வருகிறவரை கேட்டைப் பூட்டக் கூடாது, காவலாளி விசில் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். ரேஞ்சர் கொண்டுவந்த முறை. முன்னொரு தடவை ஒரு குடும்பம் மாமனாரை உள்ளேயே விட்டுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள்தான் ஞாபகம் வந்ததாம். ஞாபகம் வந்ததே பெரிசு.

டிக்கெட் ரூமில் ஒரு பெண். என் மச்சினனிடம் ஏழாம் நம்பர் டோக்கனை நீட்டினாள்.

"ஏம்மா, நான் என்ன மான் பாக்கவா வந்திருக்கேன்?"

"ராத்திரியா இருந்தாலும் ரூல் ரூல்தான் அண்ணே."

கொடுத்துவிட்டு, ரூமைப் பூட்டினாள். வந்து முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். நீ எங்கேம்மா என்று கேட்டான்.

"உள்ள செத்துக் கிடக்கிறது எங்கம்மா."

காவலாளி கட்டையைத் தூக்கினான். அந்த வாரம்தான் வேறு இடத்திலிருந்து மாற்றலாகி வந்தவன். எலும்பும் தோலுமாக ஒரு ஆள், வாயில் நிரந்தரமாக விசில். அவன் அந்த அம்மாவைப் பார்த்ததே கிடையாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

போகிற வழியில் அவள் பேசினாள். உள்ளே முன்பு இருபது முப்பது குடிசை இருந்ததாம். வெளியே வீடு கொடுத்தார்கள், எல்லோரும் போய்விட்டார்கள். இவளும் போனாள். யாரும் விரட்டவில்லை, மனசாரப் போனாள். "என் தம்பியைப் பாம்பு கடிச்சப்ப ரோடும் இல்ல, டாக்டரும் இல்ல. தோள்ல தூக்கிட்டு ஓடினோம். பாதி வழியில போயிட்டான். என் புள்ளைங்களுக்கு அந்தக் கதி வேணாம்னு போனேன் அண்ணே. நாங்க வந்தப்புறம் மான் பெருகிடுச்சு, அதையும் சொல்லணும், பொய் சொல்லக் கூடாது."

"அம்மா மட்டும் ஏன் வரல?"

"அம்மாவா..." அவள் சிரித்த மாதிரி இருந்தது. "தம்பி அங்கதான் இருக்கான்னுச்சு. மான் பெருகட்டும், நான் என்ன அதுங்களைக் கடிக்கவா போறேன்னு கேக்கும். மாசாமாசம் போய்க் கூப்பிடுவேன். பெட்டி எல்லாம் கட்டி வெச்சிட்டுக் கூப்பிடுவேன். ஒரே பதில்தான். 'நீ போ... நான் இருக்கேன்.'"

ஆபீஸில் அந்த அம்மாவுக்குப் பேரே 'மிச்சம்'. எல்லாக் குடும்பமும் போய்விட்டது, மிச்சம் ஒன்று என்று வருஷா வருஷம் மேலே ரிப்போர்ட் அனுப்பி அனுப்பி, அதுவே பட்டப்பெயராகிவிட்டது.

குடிசை வந்தது. ஒற்றைக் குடிசை, ஒரு வேப்ப... இல்லை, என்ன மரமோ, பெரிய மரம். அடியில் பழைய மண்மேடு ஒன்று, சுற்றிலும் கல் பதித்து. தம்பிக்காரன் அதுதான். உள்ளே கட்டிலில் அந்த அம்மா, பச்சைக் கட்டம் போட்ட போர்வை கழுத்துவரை. அடுப்பு இன்னும் கங்காக இருந்தது. விறகுப் புகையும், ஈரச் சாம்பலும் கலந்த ஒரு வாடை. நல்ல வாடைதான், வீட்டு வாடை என்றான்.

ரேஞ்சர் இரண்டு ஆட்களோடு நின்றிருந்தார். அவர் வாயைத் திறந்தாலே பக்கத்தில் மைக் இருக்கிறதா என்று தேடத் தோன்றும். "நாம் ஒரு வரலாற்றுத் தருணத்தின் வாசலில் நிற்கிறோம். இயற்கையை இயற்கையிடமே ஒப்படைக்கிறோம்" என்றார். என் மச்சினன், "சார், நீங்க கால் பக்கம் புடிங்க" என்றான்.

மகள் கேட்டாள். "தம்பி பக்கத்துலயே வெச்சிடலாமே சார். அது கேட்டது அது ஒண்ணுதான்."

"புரிஞ்சுக்கம்மா. உள்வட்டத்துல மனித அடையாளம் எதுவும் இருக்கக் கூடாது. பழசு பழசோட போகட்டும். புதுசா ஒண்ணு நான் அனுமதிச்சா, நாளைக்கு என் தலை உருளும்."

அவள் வேலை அவர் கையில் இருக்கிறது, வீடு அவர் ஆபீஸ் கொடுத்தது. அவர் ஆட்களைப் பார்த்துத் தலையாட்டினார். ஒருவன் வாளித் தண்ணீரை அடுப்பில் கொட்டினான்... உஸ்ஸ்ஸ் என்று. இன்னொருவன் கூரையைப் பிரிக்க ஏறினான். காலையில் அங்கே குடிசை இருந்த சுவடே இருக்கக் கூடாதாம்.

ஐஸ் பெட்டியில் வைத்தார்கள். கண்ணாடி மூடி, இரண்டு பக்கமும் கொக்கி. வண்டி கிளம்பியது.

இப்போது ஒரு தொழில் விஷயம். அந்தப் பெட்டியில் ஆள் இருந்தால் சத்தம் வராது. காலியாக இருந்தால் மூடி ஆடும்... கட கட, கட கட என்று. வெறும் வண்டி ஓட்டிப் போகும்போது அவனுக்கு அதுதான் பாட்டு.

குடிசையிலிருந்து ஓடைப் பாலம்வரை ஒரு சத்தமும் இல்லை. பாலம் தாண்டியது. ஒரு சின்ன மேடு... ஏறி இறங்கியது.

கட கட.

அவன் மகளைப் பார்த்தான். அவள் நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கை மட்டும் லேசாக உறிஞ்சினாள். வண்டிக்குள் ஏதோ வாடை... ஈரச் சாம்பல்.

கட கட. கட கட.

நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தினான். இறங்கக் கூடாத இடத்தில் இறங்கினார்கள். பின் கதவைத் திறந்து டார்ச் அடித்தான். கொக்கி இரண்டும் போட்டபடி இருக்கிறது. கண்ணாடி மூடியிருக்கிறது. பெட்டிக்குள் ஆள் இல்லை... போர்வையும் இல்லை.

சுற்றிலும் ஒரு பூச்சி கத்தவில்லை என்றான். ஒரே ஒரு பூச்சி கத்தியிருந்தால்கூடத் தைரியமாக இருந்திருக்கும் மாமா என்றான்.

மகள்தான் சொன்னாள், சாதாரணமாக, கடையில் எதையோ மறந்து வைத்துவிட்டு வந்த மாதிரி. "வீட்டுக்குப் போயிருக்கும். திருப்புங்க."

திருப்பினான். குடிசைக்குப் பாதிக் கூரைதான் இருந்தது. பிரித்தவர்கள் இருவரும் இல்லை. ஏணி மட்டும் சாய்ந்து கிடந்தது. ரேஞ்சர் வாசலில் நிற்கிறார், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு. உள்ளே கட்டிலில் அந்த அம்மா. கழுத்துவரை பச்சைப் போர்வை. தண்ணீர் ஊற்றி அணைத்த அடுப்பு... எரிந்துகொண்டிருந்தது.

ரேஞ்சர் தொண்டையைக் கனைத்தார். "இது... ஒரு நிர்வாகக் குறைபாடு" என்றார்.

நம் ஆட்களைப் பாராட்ட வேண்டும். பேயே வந்து நின்றாலும் அதற்கொரு துறைச் சொல் கைவசம் இருக்கும்.

மறுபடி ஏற்றினார்கள். இந்தத் தடவை ரேஞ்சர் தானே பின்னால் ஏறிக்கொண்டார். பெட்டிக்குப் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து, மூடியின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார். "நான் பாத்துக்கறேன். நீ ஓட்டு."

ஓடைப் பாலம் தாண்டியது. மேடு தாண்டியது. சத்தமில்லை. பின்னாலிருந்து ரேஞ்சர் குரல் மட்டும், "இருக்காங்க... இருக்காங்க... போ" என்று கேட்டுக்கொண்டே வந்தது. கேட்டு வெளிச்சம் தெரிந்தது. என் மச்சினனுக்கு அப்போதுதான் மூச்சே வந்ததாம்.

காவலாளி கட்டையைத் தூக்கவில்லை. வழக்கப்படி பின்பக்கம் போய்க் கதவைத் திறந்து டார்ச் அடித்தான். ரேஞ்சருக்கு ஒரு சல்யூட் வைத்தான். முன்னால் வந்து என் மச்சினனிடம் கை நீட்டினான்.

"டோக்கன்."

ஏழாம் நம்பரைக் கொடுக்கப் போனான்.

"இது உனக்கு. அந்தம்மாவுக்கு?"

"எந்தம்மாவுக்கு?"

"பின்னாடி, சார் பக்கத்துல உக்காந்திருக்காங்களே. முட்டியைக் கட்டிக்கிட்டு, பச்சைப் போர்வை போத்திட்டு."

...

இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த அதிர்வில், பின்னால், மெதுவாக...

கட கட.

ரேஞ்சர் கை மூடியின் மேல்தான் இருந்தது. கை வைத்திருக்கும்போதே மூடி ஆடியிருக்கிறது. அவர் கீழே கண்ணாடியைப் பார்த்தார். பிறகு, கழுத்தை மட்டும், திருகாணியைத் திருப்புகிற மாதிரிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்துப் பக்கம் திருப்பினார். அவர் கண்ணுக்கு அங்கே வெறும் பலகைதான். ஆனால் காக்கிச் சட்டையின் வலது கையில், முழங்கைக்கு மேல், சாம்பலில் ஐந்து விரல்.

"கட்டையைத் தூக்குய்யா" என்றார். குரலில் மைக் இல்லை.

"எப்படி சார் தூக்குறது? உள்ள வராத ஆளு எப்படி வெளிய போக முடியும்? டோக்கன் இல்லாம விட்டா என் வேலை போயிடும்."

"நான் சொல்றேன், தூக்கு."

"நீங்க போட்ட ரூல்தானே சார்."

அவன் பயப்படவே இல்லை. பயப்படுவதற்கு அவனுக்கு என்ன தெரியும்? டோக்கன் எடுக்காத ஒரு அம்மா, அவ்வளவுதான். காவலுக்கு அவனை மாதிரி ஒரு ஆள் கிடைக்க எமனே கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

மகள் வண்டியிலிருந்து இறங்கினாள். பின்பக்கம் போனாள். ரேஞ்சருக்குப் பக்கத்திலிருந்த வெறும் பலகையைப் பார்த்தாள். கேட்டு ஓரத்தில் பழைய போர்டு ஒன்று உண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் எழுதி வைத்தது. அதைக் கைகாட்டினாள்.

"இங்கேருந்து எதையும் எடுத்துட்டுப் போகாதீங்கன்னு எழுதியிருக்கீங்க சார். தெனம் நூறு பேருக்கு இதைப் படிச்சுக் காட்டுறேன். ஒரு கூழாங்கல்லைக்கூடச் சின்னப் புள்ளைங்க பையிலேருந்து புடுங்கித் திரும்பப் போட்டிருக்கேன். எங்கம்மாவை மட்டும் எடுத்துட்டுப் போகலாமா?"

"காலையில டைரக்டர் வர்றாரும்மா..."

"வரட்டும். டிக்கெட் நான்தானே கொடுக்கணும்." என் மச்சினன் பக்கம் திரும்பினாள். "வண்டியைத் திருப்புங்க அண்ணே."

"அப்புறம் உனக்கு வேலை இருக்காது" என்றார் ரேஞ்சர்.

"இல்லாட்டி போகுது. இத்தனை வருஷம் வா வான்னு நான்தான் கூப்பிட்டேன். அது வரல. செத்தப்புறம் கட்டி இழுத்துட்டுப் போற அளவுக்கு நான் இன்னும் கெட்டுப் போகல."

திருப்பினான். ரேஞ்சர் இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. பாலம் வந்தபோது சத்தம் நின்றதாம்... தானாக.

விடிவதற்கு முன்னால், அந்த மரத்தடியில், தம்பிக்காரனுக்குப் பக்கத்தில் தோண்டினார்கள். மகள் தோண்டினாள், என் மச்சினன் தோண்டினான். ரேஞ்சர் டார்ச் பிடித்தார். பணியில் சேர்ந்த நாளிலிருந்து அவர் செய்த உருப்படியான வேலை அதுதான் என்பது என் சொந்தக் கருத்து. மண் போடுவதற்கு முன்னால் மகள் கையை நீட்டினாள்.

"அண்ணே, உங்க டோக்கன் குடுங்க."

கொடுத்தான். அவள் குனிந்து, அம்மாவின் வலது கைக்குள் ஏழாம் நம்பரை வைத்து, விரல்களை மூடினாள். "இனிமே யாரும் உன்னை மிச்சம்னு சொல்ல முடியாது. முறைப்படி உள்ள வந்திருக்கே."

விறைத்துப்போன விரல் அல்லவா. ஆனால் மூடுவதற்கு அவள் கஷ்டப்படவில்லை என்றான். பாதிக்கு மேல்... தானே மூடிக்கொண்டதாம்.

வெளியே வந்தபோது காவலாளி பலகையைப் பார்த்தான். "அக்கா, ஏழு காலியா இருக்கே?"

"ஏழாம் நம்பர் இப்ப அந்தம்மாகிட்ட. உள்ள ஒருத்தர் பாக்கி. கேட்டா அப்படியே சொல்லு."

காலையில் டைரக்டர் வந்தார். ஆய்வுக் குழு வந்தது. துணியை இழுத்தார்கள். டைரக்டர் ஒரு கையை இடுப்பில் வைத்து, இன்னொரு கையால் காட்டை மொத்தமாக வருடிக்கொடுத்து, "இந்த வனத்தின் உள்வட்டத்தில், இந்த நிமிடம், மனிதர் ஒருவர்கூட இல்லை" என்றார். கைதட்டப் போனார்கள்.

பின்னால் விசில் சத்தம்.

"இருக்காங்க சார்" என்றான் காவலாளி. "ஏழு வரல. உள்ள ஒருத்தர் பாக்கி."

குழுத் தலைவர் பலகையைப் பார்த்தார். டைரக்டர் ரேஞ்சரைப் பார்த்தார். ரேஞ்சர் தன் சட்டைக் கையைப் பார்த்தார், அதற்குப் பிறகு எத்தனை தடவை துவைத்தும் போகவில்லையாம் அந்தக் கறை. "ஆமா சார். ஒருத்தர் இருக்காங்க" என்றார். நீளமாகப் பேசியே பழகியவர், வாழ்க்கையில் முதல் தடவையாக இவ்வளவு சுருக்கமாகப் பேசினார். அடுத்த மாதம் அவரை எங்கோ உப்புக் காற்று அடிக்கிற ஊருக்குத் தூக்கிப் போட்டார்கள்.

மகளை வேலையைவிட்டுத் தூக்க டைரக்டர் என்னென்னவோ பார்த்தார். என்ன குற்றம் என்று எழுதுவது? டோக்கன் கொடுத்தாள் என்றா? அவள் அங்கேதான் இருக்கிறாள். போர்டுக்கு மறுபடி துணி போட்டு மூடிவிட்டார்கள்.

ஏழாம் நம்பரைத் தேடிப் போனவர்கள் பாதிக் கூரைக் குடிசைக்குள் அடுப்புக் கல் மூன்றைப் பார்த்தார்கள். தொட்டவன் கையை உதறினானாம்.

அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் காவலாளி விசில் ஊதுவான். ரூல் ரூல்தானே. ஊதிவிட்டுக் காது கொடுப்பான். "பதில் வருது அண்ணே" என்றிருக்கிறான் என் மச்சினனிடம், வெகு சாதாரணமாக. "ஓடைப் பக்கத்துலேருந்து. ஒரு பொம்பளைக் குரல். 'இருக்கேன்'னு சொல்லும். சரி, ஆள் பத்திரமா இருக்காங்கன்னு நான் போய்ச் சாப்பிடுவேன்."

டைரக்டர் விடுவாரா? மூளைக்காரர். அலுமினிய டோக்கன் மொத்தமும் செல்லாது என்று அறிவித்துவிட்டு, மஞ்சள் பிளாஸ்டிக்கில் புது டோக்கன் அடித்தார். எல்லா ஆணியிலும் மாட்டியாயிற்று, ஏழாம் ஆணி உட்பட. அன்றைக்குச் சாயங்காலம் அவரே நேரில் வந்து பலகையைப் பார்த்தார். ஒரு ஆணி காலியில்லை. ஆள் பாக்கியில்லை. விசில் கிடையாது. கேட்டையும் டிக்கெட் ரூமையும் தன் கையாலேயே பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

காலையில் அவரேதான் திறந்தார். டிக்கெட் ரூமுக்குள் ஈரச் சாம்பல் வாடை. பலகையில் எல்லாம் மஞ்சள்... ஏழைத் தவிர. ஏழாம் ஆணியில், மண் அப்பிய பழைய அலுமினியம் ஒன்று, காற்றே இல்லாத ரூமில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

மகள் எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் பெரிதாக ஒன்றுமில்லை.

"மாத்திக்கிச்சு" என்றாள். "பழசைக் குடுக்காம அது எப்பவும் புதுசு வாங்காது."

டைரக்டர் அதைக் கழற்றக் கை நீட்டினார். தொட்டவுடன் கையை இழுத்துக்கொண்டார்.

சூடாக இருந்ததாம்... உள்ளங்கைக்குள் ரொம்ப நேரம் பொத்தி வைத்திருந்த மாதிரி.